கிழிக்காத லேபிள்

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பள்ளிக்கு விடுமுறை, வீட்டில் அதைவிட வேலை. திரை துவைக்க. ஞாயிறு பாஸ்குக்கு, அதான் ஈஸ்டருக்கு, முட்டை, முந்திரி வாங்க. பாத்ரூம் தரை மஞ்சள் பூத்துக் கிடக்கிறது.

காலையில் தெருவில் "ஆசிட்டு, பினாய்லு" வண்டி. வீட்டுக்காரர், இவருக்கும் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை லீவு. காலி வினிகர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அதில் ஆசிட் வாங்கி வந்தார். "லேபிளைக் கிழிச்சுட்டு ஆசிட்னு எழுதி ஒட்டுங்க" என்றேன். "அப்புறம் பண்றேன்டி, எங்க ஓடிப் போவுது." சமையலறை சிங்குக்குக் கீழே வைத்தார். பாத்ரூமும் கழுவவில்லை. இவரது 'அப்புறம்' என்பது இறுதித் தீர்ப்பு நாள்.

மாலை பாதம் கழுவும் பூசை. மகள் ரினிக்கு ஜலதோஷம், மூக்கடைப்பு. ஆனாலும் பாடினாள்.

ஏப்ரல் 4, சனி

ஆஸ்பத்திரி. டைரியை இவர்தான் கொண்டுவந்தார். பேச முடியாது. உதடு வீங்கி, நாக்கில் தோல் உரிந்து, நெஞ்சுக்குள் அடுப்பு. எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர்.

நேற்று நடந்தது. எங்கள் வீட்டு வழக்கம்: பெரிய வெள்ளி வழிபாடு முடிந்து வந்ததும், கஞ்சிக்கு முன் ஆளுக்கு ஒரு மடக்கு வினிகர் தண்ணீர். சிலுவையில் ஆண்டவருக்குக் காடி கொடுத்தார்களே, அந்த நினைவாக. வீட்டில் இளையவர் ஊற்றித் தர வேண்டும். எனக்குத்தான் முதலில். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அலமாரியில் வினிகர் தீர்ந்திருந்தது, சிங்குக்குக் கீழே ஒன்று இருந்தது. ரினி அங்கேயே அதை ஊற்றித் தண்ணீர் கலந்து, தம்ளரை மட்டும் கொண்டுவந்து தந்தாள். குடித்தேன்.

தம்ளர் உருண்டது. எதிர்வீட்டு பத்மா மாமி ஓடிவந்தார். "உப்பு ஜலம் குடுங்கோ, வாந்தி பண்ணினா எல்லாம் வந்துடும்!" இவர் கரைத்தே விட்டார். ரினி காதில் போன், அந்தப் பக்கம் 108. மறு கையால் அப்பாவின் தம்ளரைத் தட்டிவிட்டாள். "வாந்தி எடுக்க வைக்கக் கூடாதாம்பா! வாய மட்டும் கொப்புளிக்கச் சொல்றாங்க!" வீட்டில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மாட வீதியில் திருவிழாப் பந்தல், ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வந்தது.

இன்று குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் சின்னப் பெண். இவரிடம் சொன்னாள்: "உணவுக்குழாய் நல்லாவே வெந்திருக்கு. ஓட்டை விழல. வாந்தி எடுத்திருந்தா மேல வரும்போது திரும்ப வெந்திருக்கும். ஆறும்போது சுருங்கலாம், சில வாரம் போனாதான் தெரியும்."

வாய் வழியாக எதுவும் கூடாது. தண்ணீரும். பக்கத்துக் கட்டில்காரி இட்லியும் சட்னியும் சாப்பிடுகிறாள். கொலைகாரி.

ஏப்ரல் 5, பாஸ்கு ஞாயிறு

கோயில் மணி இல்லை, ஜெனரேட்டர் சத்தம். நல்ல பாஸ்கு.

போலீஸ்காரர் வந்தார். இந்த மாதிரி கேஸ் என்றால் விசாரித்தே ஆக வேண்டுமாம். "இன்னாமா, ஊட்ல எதுனா சண்டையா? மனசு கஷ்டமா கீதா?" இல்லையென்று தலையாட்டினேன். இவர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் இல்ல சார். ரெண்டு பாட்டில் இருந்துச்சு. பொண்ணு பாக்காம மாத்தி எடுத்துட்டா."

ரினி கால்மாட்டில் நின்றாள். "வினிகர்னுதான்பா போட்டிருந்துச்சு."

"நீ சரியா பாக்கல." அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பாட்டிலையும் தூக்கிப் போட்டாச்சாம். ரினி தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள், எனக்குத் தெரிகிறது.

இவரை வெறுக்கிறேன். பாஸ்கு நாளில்.

அவள் வெளியே போனதும் ஒரு தாளில் எழுதி நீட்டினேன்: "நீங்க சொல்றீங்களா, நான் எழுதித் தரவா?" படித்தார். "உள்ள தூக்கி வச்சுடுவாங்கன்னு பயந்துட்டேன்டி." அழுதார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காதது. பாவமாகவும் இருந்தது. தாளை மட்டும் மடிக்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

சொல்லிவிட்டார். என் கட்டிலருகே, அவளிடம். "நான்தான்மா அதுல வாங்கி வச்சேன். லேபிளும் கிழிக்கல. நீ பாத்தது சரி." போலீஸ்காரரிடமும் போய்ச் சொன்னார். நன்றாகத் திட்டிவிட்டு எழுதிக்கொண்டாராம்.

ரினி முழுக்கக் கேட்டாள். பிறகு என்னிடம், "சரிம்மா. ஆனா குடுத்தது என் கைதானே."

உப்புத் தண்ணீரைத் தட்டிவிட்டதும் அந்தக் கைதான் என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறார் இவர். எதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறாளாம்.

ஏப்ரல் 9, வியாழன்

மேகமூட்டம். துவைத்த திரைகள் கொடியிலேயே கிடக்கின்றனவாம். எச்சில் இறங்குகிறது. டாக்டர்: "இன்னைக்கு ஒரு ஸ்பூன் தண்ணி குடுத்துப் பாக்கலாம். வலிச்சா சொல்லணும், நிறுத்திடலாம்."

சிஸ்டர் ஸ்பூனை எடுத்தார். வேண்டாமென்று ரினியைக் காட்டினேன்.

"நான் மாட்டேன்மா." சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நீதான்" என்றேன். வெள்ளிக்குப் பிறகு என் முதல் வார்த்தை. தகரத்தைத் தேய்த்த மாதிரிக் குரல்.

பாட்டிலைத் திறந்தாள். மோந்தாள். தான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மறுபடி மோந்தாள். ஸ்பூனில் பாதி என் கழுத்தில் சிந்தியது, மீதி வாயில்.

விழுங்கினேன். நெஞ்சுவரை கிழித்துக்கொண்டு போனது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு ஸ்பூன்" என்றேன்.