மேசைப் படம் ஏறவில்லை

ஜூலை, செவ்வாய்க்கிழமை. கடையநல்லூர்.

நல்ல சாரல். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். செய்யப்போகும் சாப்பாட்டு மேசைக்கு வரைந்துகொண்டிருந்த படத்தை முடிக்க வேண்டுமென்று நான் போகவில்லை.

இணையத்தில் இருக்கும் மரவேலைக் குழுவில் படத்தைப் போட்டு, இந்தக் கால் தாங்குமா என்று கேட்க நினைத்தேன். மதியம் முழுக்க முயன்றும் ஏறவில்லை. படம் பெரிசு என்றே வந்தது. கடைசியில் துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“மச்சான், படம் ஒண்ணு ஏற மாட்டேங்குது.”

“ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போடு புள்ள, சைஸ் குறைஞ்சிரும். டூட்டில இருக்கேன், பொறவு பேசுதேன்.”

அவர் சொன்னபடி செய்ததும் ஏறிவிட்டது. என்ன படம் என்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் புளியறையிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். “கால் தாங்கும் அண்ணாச்சி. ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்து சாப்பிடுத மாதிரி போட்டிருக்கீங்க. வீட்ல ரெண்டு பேர்தானா?”

அண்ணாச்சி என்றதை நான் திருத்தவில்லை. “ஆமா, ரெண்டு பேர்தான்” என்று பதில் போட்டேன். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு படத்தை மச்சானுக்கும் அனுப்பினேன். டூட்டி எப்போதோ முடிந்திருக்கும். இன்னும் பார்க்கவில்லை.