வயலின்மேல் விழுந்த வெளிச்சம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் "நல்லா இருக்கேன் அத்தை" என்பாய், அதை நான் நம்பின மாதிரி நடிக்க வேண்டும். போனில் என்ன சொன்னாலும் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் வீட்டு நிலவரம். நீ விட்டுப்போன கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை எல்லாவற்றையும் உன் புருஷன் தன் வெள்ளைச் சட்டைகளோடு ஊறவைத்துத் துவைத்துவிட்டான். இப்போது எல்லாமே ஒரே சாம்பல் நிறம். அலுவலகத்தில் "புது யூனிஃபார்மா?" என்று கேட்டார்களாம். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீ வந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று எழுதினால் அதையே சாக்காக வைத்துக் கிளம்பிவிடுவாய். ஒழுகட்டும், கீழே வாளி வைத்திருக்கிறேன்.

விஷயம் என் காதுக்கு வந்துவிட்டது. இந்தக் கச்சேரிப் பயணம் முடிந்ததும் வேலையை விட்டுவிடப் போவதாக அவனிடம் சொன்னாயாம். விளக்குப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லி உன்னை வயர் சுருட்டப் போட்டிருக்கிறார்களாம். "வந்துடட்டும்மா, வேற வேலையா கிடைக்காது" என்கிறான். பெண்டாட்டி வீட்டோடு இருந்தால் துணியாவது வெளுப்பாக இருக்கும் என்ற கணக்கு, வேறென்ன. எனக்கு இதில் சம்மதமில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் ஊரில் உங்கள் குழு இரண்டு மாலை கச்சேரி நடத்தியது. முதல் நாள் மத்தியானமே என்னை அரங்கத்துக்குக் கூட்டிப்போய், என் முழங்காலைக் கொஞ்சமும் நினைத்துப் பார்க்காமல் இரும்பு ஏணியில் ஏற்றி, பின்னால் மேலே இருக்கும் உன் சின்ன அறையைக் காட்டினாய். ஆள் நகர நகரக் கூடவே நகரும் அந்தப் பெரிய ஃபோகஸ் லைட்டைத் தொடப்போனேன், கையைத் தட்டிவிட்டாய். உன் கையுறையின் விரல் நுனியெல்லாம் கருகியிருந்தது. "பாடுறவங்க மூச்சு இழுக்கும்போதே நம்ம கை தயாரா இருக்கணும் அத்தை. குரல் வந்தப்புறம் நகர்ந்தா லேட்டு" என்றாய். எந்தப் பாட்டில் யார் எந்தப் பக்கம் சாய்வார், எங்கே கண்ணை மூடுவார், எல்லாம் உனக்கு மனப்பாடம். தினமும் வீட்டுச் சாவியைத் தேடுகிற பெண்ணா இவள் என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பெருமையாகவும் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஏணியில் இறங்குகிற பயத்தில் மறந்துபோனேன்.

அன்று மாலை எனக்கு முன்வரிசையில் ஓர இடம் வாங்கித் தந்திருந்தாய். பாடகியின் முகம் எனக்கு அவ்வளவு கிட்டத்தில். கடைசிக்கு முந்தைய பாட்டில் மேடை முழுக்க இருட்டு, அவர் மேல் மட்டும் உன் வெளிச்சம். அவருடைய அக்காதான் அந்தப் பாட்டுக்குப் பின்குரல் கொடுப்பார், இந்த வருடம் இறந்துபோனார் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அக்காவின் குரல் சேருகிற அந்த வரி வந்ததும் பாடகி நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருக்கிறது, குரல் வரவில்லை. மோவாய் நடுங்குகிறது. ஐயோ, இத்தனை பேர் முன்னால் உடையப் போகிறாரே என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் உன் வெளிச்சம் அவரை விட்டு விலகியது. முதலில் மங்கி, அப்புறம் மெல்லக் கடந்து, வயலின்காரர் மேல் போய் நின்றது. மனிதர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு வில்லை எடுத்தார். என்னமாய் வாசித்தார். ஜனங்கள் இது ஏற்பாடுதான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் வயலின்காரரைப் பார்க்கவில்லை. கிட்டத்தில் இருந்ததால் இருட்டிலும் எனக்கு அந்தம்மா தெரிந்தார். திரும்பி நின்று, புறங்கையால் கண்ணைத் துடைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, நிமிர்ந்தார். நிமிர்ந்து மூச்சை இழுக்கவும் வெளிச்சம் திரும்பி வந்துவிட்டது. விட்ட வரியிலிருந்து பாடினார்.

வீட்டுக்கு வந்ததும், "கை தவறிடுச்சு அத்தை" என்றாய். உங்கள் மேலாளரிடமும், அதுதான் அந்தக் கடுகடுப்பிடமும், அதையேதான் சொன்னாயாம். "பாட்டு நடுவுல பாடகியையே இருட்டுல விட்ட ஒரே ஆளு நீதான்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினாராம். கை தவறினால் வெளிச்சம் துள்ளும் என்று எனக்கே தெரிகிறது, அந்த மனுஷனுக்குத் தெரியாதா? உண்மையைச் சொன்னால் அந்தம்மா மேடையில் அழுத கதை ஊர் முழுக்கப் பரவும். அதற்காக வாயை மூடிக்கொண்டு பழியை வாங்கிக்கொண்டாய். எனக்கு அன்றே புரிந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மறுநாள் மாலை மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று உன் புருஷனிடம் சொல்லிவிட்டு நானே டிக்கெட் எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். நீ மேடைக்குப் பின்னால் எங்கேயோ வயரோடு இருந்திருப்பாய். அதே பாட்டு வந்தது. தொடங்குவதற்கு முன்னால் பாடகி கையைப் புருவத்துக்கு மேல் வைத்து, கண் கூசக் கூச, உன் அறை இருக்கிற திசையை அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த வரி வந்ததும் மறுபடி நின்றுவிட்டார். வயலின்காரர் புரிந்துகொண்டு இருட்டிலிருந்தே வாசித்தார். புது ஆளின் வெளிச்சம் அசையவே இல்லை. ஆணி அடித்த மாதிரி அவர் முகத்திலேயே நின்றது. பாவம், தலையைக் குனிந்துகொண்டார். அரங்கமே அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போய் உன்னைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று பாதி எழுந்தேன். நீ மூடி வைத்ததைத் திறக்க நான் யார் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவர் உன்னைத்தான் தேடினார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடுகடுப்பு அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ இன்று வயர் சுருட்டிக்கொண்டிருக்க மாட்டாய்.

அதனால் என் பேச்சைக் கேள். வேலையை விடாதே. வயர் சுருட்டச் சொன்னால் அவர்கள் வாயடைத்துப்போகிற மாதிரி சுருட்டு. அந்தப் பாட்டு வரும்போது மட்டும், மேடை ஓரத்தில், அவர் கண்ணில் படுகிற இடத்தில் வந்து நில். யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது என்றுதானே கறுப்பு உடுத்துகிறீர்கள், ஒரே ஒரு நாள் தெரிந்தால் குற்றமில்லை. நீ எதுவும் சொல்ல வேண்டாம். அவருக்குத் தெரியும்.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று நினைப்பாய். உன் மாமா போன அன்று சாயங்காலம், கூடம் நிறைய உறவுக்காரர்கள். "இவ கண்ணுல ஒரு சொட்டு வரலையே" என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் அழ வராது. கல்லாக உட்கார்ந்திருந்தேன். நீ கல்யாணமாகி வந்த புதிது. ஸ்விட்ச் பக்கம் நின்றிருந்தாய். விளக்கு அணைந்தது. "பியூஸ் போயிடுச்சு, பார்த்துட்டு வரேன்" என்றாய். நான் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் விளக்கு வந்தது.

அன்று கூடத்து மின்விசிறி சுற்றிக்கொண்டேதான் இருந்தது, பெண்ணே. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் பியூஸ் மாற்றுகிறவள் நீ. இத்தனை வருடம் இதைப் பற்றி நாம் பேசினதில்லை. இனியும் பேச வேண்டாம்.

இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறாய் என்று உன் புருஷன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டான். வெள்ளைச் சட்டை விஷயம் என்றேன், ஓடிவிட்டான்.

நேரத்துக்குச் சாப்பிடு. கையுறை போடாமல் எதையும் தொடாதே. உன் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது. அந்தம்மாவைப் பற்றி யார் கேட்டாலும், உனக்குக் கை தவறிவிட்டது என்றே நானும் சொல்வேன். என்னைப் பற்றி யாராவது கேட்டால், அன்றைக்குப் பியூஸ் போய்விட்டது என்று நீ சொல்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அத்தை