அண்ணன் அறுக்காமல் வைத்திருந்த பானை

14.8.2004, சனிக்கிழமை

இன்று எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா பானை செய்யக் கற்றுத் தருகிறார். வீட்டில் வாயே திறக்காத அண்ணன் சனிக்கிழமை தவறாமல் அங்கே போகிறான். அதனால் நான் அவனுக்கு வைத்த பெயர் மண்ணன். ஒவ்வொரு பானையையும் செய்து முடித்ததும் கம்பியால் நடுவில் அறுப்பான். பானையின் சுவர் மேலிருந்து அடிவரை ஒரே கனமா என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பான். பிறகு மண்ணைத் திரும்பப் பிசைந்துவிடுவான். இதுவரை ஒரு பானைகூட வீட்டுக்கு வந்ததில்லை.

இன்று என் கூட்டாளி சேகரோடு வேடிக்கை பார்க்கப் போனேன். அண்ணன் கை கழுவப் போயிருந்தான். பலகைமேல் ஈரம் காயாத ஒரு சின்னப் பானை இருந்தது.

"டேய் சேகரு, டாக்டர் வர்றதுக்குள்ள நானே ஆபரேஷன முடிச்சிட்றேன் பாரு" என்று கம்பியை எடுத்து இரண்டாக அறுத்தேன். சேகர் விழுந்து விழுந்து சிரித்தான்.

அண்ணன் வந்து பார்த்தான். திட்டவில்லை.

"இத ஏன்டா அறுத்த?"

"நீதான் எல்லாத்தையும் அறுப்பியேண்ணா?"

"இது நல்லா வந்திருக்குன்னு அளக்காமலே கைக்குத் தெரிஞ்சுதுடா. வீட்டுக்கு எடுத்தாரலாம்னு வச்சிருந்தேன்."

அப்புறம் ஒரு பாதியை எடுத்து ஸ்கேல் வைத்தான். எங்கே வைத்தாலும் ஒரே கனம்.

"சரியாத்தான் இருந்திருக்கு" என்றான். சேகர்கூட சிரிக்கவில்லை.

வீடு வரை அண்ணனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். அடுத்த வாரம் போவியாண்ணா என்று கேட்க வாய் வரவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?