நீ சாக்கடையில் கொட்டிய கீரை

மச்சான்,

இன்று ஞாயிறு. மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் உன் அக்கா ரோசி சுரைக்காயில் இறால் போட்டாள். நான் மொட்டை மாடியில் அவரைப் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். தாளிப்பு வாசனை படியேறி வந்தது. அடுப்படியில் நிற்பது நீதான் என்ற நினைப்பில், "கொத்தமல்லி பறிக்கட்டுமாடா?" என்று குரல் கொடுத்துவிட்டேன். கீழிருந்து ரோசி, "பறிச்சினு வாங்க" என்றாள். அவள் குரலும் சரியாக இல்லை.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னோடு பேசவேண்டியது கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நீ துறைமுகக் கேண்டீனில் சமையல்காரன். நான் திருவொற்றியூர்த் தொழிற்சாலையொன்றில் பிட்டர். ஓய்வுபெற்று விம்கோ நகரில் இந்த வீட்டுக்கு வந்ததும், மாடியில் காய்கறி போடப்போகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும், "நீ போடு மாமா. நான் ஆக்கித் தரேன்" என்றாய். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மாடிக்குப் போவாய். காற்றில் வந்து இலைகளில் படிந்த கரித்தூளை விரலால் துடைத்துப் பார்ப்பாய். நாலு கத்திரிக்காய் இருந்தால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. ஒரு பீர்க்கங்காய் தொங்கினால் அதில் இறால். தோலைக்கூட விடமாட்டாய், துவையலாகிவிடும். மண் நிரப்பிய பத்துப் பன்னிரண்டு பைகளில் அவ்வளவுதான் வந்தது. நமக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எனக்குத்தான் போதவில்லை. நீல டிரம்களை வாங்கி இரண்டிரண்டாக அறுத்து நாற்பது தொட்டி ஆக்கினேன். அவற்றை நிரப்ப மண் வேண்டுமே. பக்கத்தில் ஒரு பழைய பட்டறையை இடித்துக்கொண்டிருந்தார்கள். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றார்கள். கன்னங்கரேலென்று இருந்தது மண். அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எருவைக் கலந்து நிரப்பினேன். மூன்றே மாதத்தில் மாடி காடாகிவிட்டது. தெருவில் எட்டு வீட்டுக்குக் கீரை கொடுத்தேன். மாடிக்காரர் என்று பெயரும் வந்தது. கேண்டீனில் உனக்கு மாற்று ஆள் இல்லாமல் போய், அந்த மூன்று மாதமும் நீ வரவில்லை. வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

பேத்தியின் ஞானஸ்நான விருந்துக்குச் சமைக்கத்தான் வந்தாய். கடையில் ஒரு காய் வாங்கக்கூடாது, எல்லாம் என் மாடியிலிருந்துதான் என்று சம்பந்தி வீடுவரை சொல்லி வைத்திருந்தேன். அண்டாவில் அரைக்கீரை வெந்துகொண்டிருந்தது. நீ மூடியைத் திறந்து குனிந்தாய். நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டாய்.

"மாமா, மண்ணு எங்கேர்ந்து எட்த்தாந்தே?"

"ஏன், நல்ல மண்ணுதானே?"

"கீரைல டீசல் நாத்தம் கீது. மூணு தபா அலசிட்டேன். போவல."

"தெனம் இதத்தான் நான் துன்றேன். எனக்கு ஒண்ணும் தெர்ல. செடியப் பாத்தியா, எப்டி வளந்து கீது?"

"செடிக்கு மூக்கு இல்ல மாமா."

சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுட்டது. "ஆக்குறது உன் வேல. ஆக்கு" என்றேன்.

"கொயந்த பேர்ல போட்ற சோறு. இத்த நான் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, துணியால் அண்டாவைப் பிடித்துத் தூக்கிப் போய், வாசல் சாக்கடையில் மொத்தக் கீரையையும் கொட்டினாய். வெட்டி வைத்திருந்த கத்திரிக்காயும் பின்னாலேயே போனது. கடையிலிருந்து காய் வரவழைத்து, ஒன்றரை மணி நேரத்தில் எல்லோரையும் பந்தியில் உட்காரவைத்தாய். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. கடைசிப் பந்தி எழுந்ததும் உன் எதிரே போய் நின்றேன்.

"என் வூட்டுச் சோத்தச் சாக்கடைல ஊத்துனவன் இனிமே இந்தப் படி ஏற வேணாம்."

நீ தோளில் கிடந்த துண்டை உதறி மடித்தாய். குழந்தையின் கன்னத்தைத் தொட்டு விரல்களை முத்தமிட்டுக்கொண்டு போய்விட்டாய். நீயும் அன்று சாப்பிடவில்லை என்று ரோசி பிறகு சொன்னாள்.

ஐந்து மாதம் நீ வரவில்லை. ரோசிதான் ஞாயிறுகளில் ராயபுரத்துக்குப் போய் வந்தாள். அவள் என்னோடு சண்டை போடவில்லை. தனக்கு மட்டும் கடையில் காய் வாங்கிச் சமைத்துக்கொண்டாள். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"நீயும் அவன் பேச்ச நம்புறியா?"

"அவன் மூக்க நம்பித்தான் துறைமுகமே சாப்ட்டுகினு கீது. நான் நம்பக்கூடாதா?"

நான் வீம்பாக என் கீரையைத் தின்றேன். ஒரே வீட்டில் இரண்டு குழம்பு.

பிறகு அந்தப் பெருமழை. இரண்டு நாள் கொட்டி நின்றதும் மாடிக்குப் போனேன். தொட்டிகளின் அடித்துளை வழியே வடிந்த தண்ணீர் தரையில் தேங்கியிருந்தது. அதன் மேல் நீலமும் ஊதாவும் பச்சையுமாக ஒரு படலம் நெளிந்தது. தொழிற்சாலையில் மெஷினுக்குக் கீழே தினமும் பார்த்த அதே படலம். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து, கைப்பிடி மண்ணைப் போட்டுக் கலக்கி வைத்தேன். மண் அடியில் இறங்கியது. எண்ணெய் மேலே வந்தது.

கையை முகர்ந்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, மச்சான். அப்போதுதான் புரிந்தது. முப்பத்தைந்து வருஷம் கிரீஸிலும் டீசலிலும் ஊறிய மூக்கு என்னுடையது. பூ வாசனை தெரியும், கருவாடு தெரியும். எண்ணெய் மட்டும் அதற்கு நாற்றமில்லை. அது எனக்குக் காற்று மாதிரி. அந்த மூக்கை வைத்துக்கொண்டா உன்னோடு சண்டை போட்டேன் என்று ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்த எட்டு வீட்டுக்கும் போனேன். கீரை கொடுத்த கையால் கதவைத் தட்டி, "என் மண்ணுல கோளாறு, இனிமே அதச் சாப்பிட வேணாம்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். ஒரு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அதுதான் அதிகம் வலித்தது. பிறகு ராயபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

நீ வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய்.

"சாப்ட்டியா மாமா?"

"உன் மூக்கு சரிடா. என் மண்ணுதான் தப்பு."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். எத்தினி தொட்டி?"

"நாப்பது."

"ரெண்டு ஆளு, நாலு நாளு" என்றாய். அவ்வளவுதான்.

நீ போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன், "ஏண்டா, இத்தினி மாசம் ஒரு தபா வந்து சொல்லியிருக்கக்கூடாதா?"

"நான் வந்து சொன்னா இன்னும் நாலு தொட்டி வெச்சிருப்பே. அதான் நீயா வர்ற வரிக்கும் குந்திகினு இருந்தேன்."

நாலு நாளில்லை, ஆறு நாள் ஆனது. அந்த மண்ணை வேறு எங்கும் கொட்டக்கூடாது என்று நீ பிடிவாதமாக இருந்தாய். மாநகராட்சி லாரிக்காரர்களிடம் பேசி மூட்டை மூட்டையாக ஏற்றினோம். தொட்டிகளைச் சோப்புத்தூள் போட்டு மூன்று முறை கழுவினோம். செங்குன்றத்துப் பக்கமிருந்து செம்மண் வந்தது. தேங்காய் நார்த்தூளும் மாட்டெருவும் கலந்தோம். முதல் விதைப்பு அரைக்கீரைதான். இருபத்தைந்தாம் நாள் அதைப் பறித்து, பூண்டில்லாமல் மிளகாயில்லாமல் உப்பு மட்டும் போட்டு வேகவைத்தாய். மசாலா போட்டால் தப்பு ஒளிந்துகொள்ளும் என்றாய். மூடியைத் திறந்து குனிந்து கண்ணை மூடினாய். நானும் ரோசியும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இப்ப போடுக்கா, துன்னலாம்" என்றாய்.

அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறுகள். திட்டிய வீட்டுக்காரம்மாவே பாத்திரம் கொடுத்தனுப்பிக் குழம்பு கேட்டார்.

உன் சிறுநீரகம் கெட்டபோது தக்காளி கூடாது, கீரை கூடாது என்று பட்டியல் கொடுத்தார்கள். சுரைக்காயும் புடலங்காயும் சாப்பிடலாம் என்றார்கள். மறுநாளே தக்காளிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு சுரையும் புடலும் ஊன்றினேன். நீ படியேற முடியாமல் ஏறி வந்து பார்த்தாய். "இன்னா மாமா, மாடிய ஆஸ்பத்திரி ஆக்கிட்டே" என்று சிரித்தாய். உப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு போட்டு ரோசி கூட்டு செய்தாள். நீ மெல்ல மென்று சாப்பிட்டுவிட்டுச் சொன்னாய்: "உப்பு இல்லாம துன்னாதான் காய் இன்னான்னு தெரியுது. உன் காய் நல்லா கீது மாமா." வாழ்நாளில் நீ என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அடுத்த மாதம் போய்விட்டாய்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பின் தெருவுக்குப் புதிதாக ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். மாடித் தோட்டம் போட்டிருக்கிறோம், வந்து பாருங்கள் என்று ஆசையாகக் கூப்பிட்டார்கள். வெண்டை தளதளவென்று நின்றது. மண் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து என்றார் அந்தப் பெண்ணின் கணவர். என் மூக்கை நான் நம்புவதில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு, கைப்பிடி மண்ணைக் கலக்கி வைத்தேன். அவர்கள் கண் முன்னாலேயே எண்ணெய் மேலே வந்தது. இதில் விளைந்ததைச் சாப்பிடாதீர்கள் என்றேன்.

"நல்லாத்தானே சார் வளர்ந்திருக்கு" என்றார் அவர். முகம் இறுகிவிட்டது. வாசல் வரைகூட வரவில்லை.

முன்பு என்றால், ஏன் வம்பு என்று வெண்டையைப் புகழ்ந்துவிட்டு வந்திருப்பேன். இப்போது எனக்கு அது முடியாது. அந்தப் பழக்கத்தை நீ என்னிடமிருந்து எடுத்துவிட்டாய். அவர்களுக்காக இரண்டு மூட்டை செம்மண் வாங்கிப் படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். எனக்காக நீ ஐந்து மாதம் காத்திருந்தாய். நான் காத்திருக்கத் தொடங்கி இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை.