பதினோரு மாடிச் சாட்சி

ஜூன் 2, செவ்வாய்

உலகத்தில் ஒருவரும் நம்பமுடியாத ஒரு சங்கதியை இந்த நோட்டில் எழுதப்போவதாக இன்று வலது கையை உயர்த்திப் பிரமாணம் செய்கிறேன். அதாவது, நான் உண்மை எழுதப்போகிறேன். என் மனைவி பார்த்தால் இது யார் கையெழுத்து என்று கேட்பாள்.

காரணம் அக்கா மகள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். நான் கூப்பிடுவதும் 'எக்ஸ்ரே' என்றுதான். வேலை முடிந்து நேராக இங்கே வந்தாள். "மாமா, முடிவு பண்ணிட்டேன். அடுத்த மாசம் பத்தொம்பதாம் தேதி ஞானஸ்நானம் எடுக்கறேன்."

சந்தோஷத்தில் கூரையை முட்டி இறங்கினேன். இறங்கிய வேகத்தில் தரையைப் பிளந்துகொண்டு போகவும் வேண்டியதாயிற்று. ஏனென்றால் அடுத்து இப்படிச் சொன்னாள்: "அன்னிக்கு ஆண்டவர் நமக்கு என்ன செஞ்சார்னு எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லணுமில்ல? உங்க லிஃப்ட் கதையைத்தான் சொல்லப்போறேன். என் விசுவாசத்துக்கு அஸ்திவாரமே அதுதான் மாமா."

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினாறு வருஷத்துக்கு முன் சபையில் எழுந்து நின்று ஒரு சாட்சி சொன்னேன்: கம்பி அறுந்து லிஃப்ட் பதினோரு மாடி விழுந்தது, நான் ஜெபித்ததும் தரைக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றது. அப்போது அவளுக்குப் பத்து வயது. வாயைப் பிளந்து கேட்டாள்.

நடந்தது என்ன? கரண்ட் போய், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நாற்பது நிமிஷம் நின்றது. ஒரு விரற்கடைகூட விழவில்லை. கம்பி அறுந்தாலும் விழாது. லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் பிரேக் உண்டு. அதைச் சோதித்ததே நான்தான். சொல்ல ஆரம்பித்தபோது நாலு மாடிதான். சபையார் அல்லேலூயா சொல்லச் சொல்ல மாடி ஏறிவிட்டது.

ஜூன் 3

லிஃப்ட் விழவில்லை. நேற்றிலிருந்து விழுந்துகொண்டே இருப்பது நான்தான்.

ஜூன் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் தோளைத் தட்டினார். "உங்க சாட்சியால ஒரு ஆத்துமா ஆண்டவர்கிட்ட வருது! அன்னிக்கு நீங்க முன் வரிசையில உக்காரணும்." முன் வரிசையா? எனக்கு அன்று கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு அடியில் ஒரு நாற்காலி போட்டால் போதும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு இந்த நாற்பது நிமிஷம் ஆதியிலிருந்தே தெரியும்.

"சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது?"

"பொய்யை மட்டும் அருவி மாதிரி கொட்டறீங்க. உண்மைன்னா மட்டும் குழாய்ல காத்து வருதா?"

ஜூன் 10, புதன்

இன்று சொல்லியே தீருவது என்று ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் போனேன். காபி வந்தது. எக்ஸ்ரே ஒரு சின்ன நோட்டைத் திறந்து, "மாமா, லிஃப்ட் விழறப்ப உள்ள என்ன தெரிஞ்சுது?" என்றாள். வாயைத் திறந்தேன். உண்மை தொண்டை வரை வந்தது, கர்த்தர் அறிவார். ஆனால் வெளியே வந்தது, "புகை! ஒரே புகை! மேல தீ!"

பதினாறு வருஷமாக இல்லாத தீயை இன்று பற்றவைத்துவிட்டேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

நான் மனிதனா? இல்லை, வாய் முளைத்த வேறு ஏதாவதா?

ஜூன் 14, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

சாட்சி நேரத்தில் எழுந்தேன். "லிஃப்ட் விழல. சும்மா நின்னுச்சு. கரண்ட் போச்சு, அவ்வளவுதான். நான் பொய் சொன்னேன்" என்றேன்.

சபை சிரித்தது! "என்ன தாழ்மை பாருங்க!" என்றார் ஒருவர். போதகரும் சிரித்தபடியே அடுத்த பாட்டுக்குக் கை காட்டினார். பதினாறு வருஷப் பொய்யை நம்பியவர்கள், அரை நிமிஷ உண்மையை நம்பவில்லை.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 15

போன் செய்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்பா ஐசியூல இருந்தப்ப என்ன ஜெபம் பண்ணேன் தெரியுமா மாமா? 'மாமாவைத் தாங்கின கை எங்கப்பாவையும் தாங்கட்டும்'னு. அப்பா போயிட்டாரு. அப்பக்கூட நான் விடல. மாமாவுக்கு நடந்தது நெஜம்தானேன்னு அதையே பிடிச்சிட்டிருந்தேன். மூணு வருஷமா."

பிறகு, "ஞானஸ்நான லிஸ்ட்ல இருந்து என் பேரை எடுக்கச் சொல்லிட்டேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நின்றாளோ அதை நானே உருவிப் போட்டுட்டேனே — எத்தனை கைதட்டலுக்காக? ஐயோ, எதுக்குடா உனக்கு அந்தப் பதினோரு மாடி? நாலு போதாதா? ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கக் கூடாதா?

ஜூன் 19, வெள்ளி

போதகர் வீட்டுக்குப் போனேன். அவரும் தூங்கின முகமாக இல்லை. "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார்.

"நீங்க போய்ப் பேசி அவளைச் சரிப்படுத்துங்க ஐயா."

"என்ன சொல்லட்டும்? இன்னொரு நல்ல கதையா?" என்றார். "அண்ணே, அவ நின்னது உங்க மேல. அந்த இடத்துல நானும் போய் நிக்கக் கூடாது. கொஞ்சம் பொறுங்க."

பொறுப்பதா! எனக்குப் பொறுமை தரும்போது ஆண்டவர் தராசில் ஒரு குந்துமணிதான் வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 28, ஞாயிறு

இன்றும் வரவில்லை. அவள் உட்காரும் இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை. எனக்கு ஒரு பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை.

ஜூலை 1

யார் என்ன கேட்டாலும் "தெரியாது" என்று சொல்லிப் பழகுகிறேன். தலைவலி.

ஜூலை 8, புதன்

வந்தாள்! பழைய நோட்டு இல்லை, புது நோட்டு. பக்கம் பக்கமாகக் கேள்விகள்.

ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில், எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து, சுவிசேஷத்தை முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறாள். யாரும் விளக்காமல். "நீங்க சொன்னது, போதகர் சொன்னது, அம்மா சொன்னது எல்லாத்தையும் தள்ளி வெச்சுட்டு, மிச்சம் ஏதாவது நிக்குதான்னு பாக்கணும்" என்றாள்.

"நிக்குதா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பாத்துட்டிருக்கேன். லாசருன்னு ஒரு சிநேகிதன் செத்த எடத்துல இயேசு அழறாரு மாமா. அவனை உயிரோட எழுப்பப்போறோம்னு அவருக்கே தெரியும். அப்புறம் ஏன் அழறாரு?"

பதினோரு பதில்கள் நாக்கின் நுனியில் வரிசை கட்டின. "எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க வாயிலருந்து இதைக் கேக்கறது இதான் முதல் தடவை." சிரிக்கவில்லை. ஆனால் காபி கேட்டாள். இரண்டு டம்ளர் குடித்தாள். நான் ஐம்பது என்று எழுத நினைத்தேன், இரண்டுதான்.

ஜூலை 12, ஞாயிறு

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. பெயரை மறுபடி கொடுத்தாளா? கேட்கப் பயம். மனைவி முறைத்தாள்: "அவளை விடுங்க. இப்பவாச்சும் அவளா நடக்கட்டும்."

ஜூலை 19, ஞாயிறு

வெள்ளை உடையில் ஞானஸ்நானத் தொட்டிப் பக்கத்தில் நின்றாள். சாட்சி இரண்டே நிமிஷம்.

"எங்கப்பா செத்தப்ப, என் ஜெபத்தைக் கடவுள் கேக்கலன்னு நெனச்சேன். ஒரு செத்த வீட்டு முன்னாடி அழுதவரைப் பத்திப் படிச்சேன். அன்னிக்கு அந்த ஐசியூ வாசல்ல நான் தனியா நிக்கலன்னு இப்பத் தெரியுது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரல. எனக்கு இன்னும் நெறைய கேள்வி இருக்கு. இருந்தாலும் இறங்கறேன்."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லிஃப்ட் இல்லை, தீ இல்லை. இவ்வளவு பெரிய மாமாவை ஒரு மூலையில்கூடச் சேர்க்கவில்லை. அந்த அவமானத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். மனைவி கைக்குட்டை தந்தாள், அதுவும் போதவில்லை.

ஈரத்தலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா, அந்த நாப்பது நிமிஷத்துல நெஜமாவே ஒண்ணுமே நடக்கலியா?"

சொன்னேன். மனைவிக்கும் இதுவரை சொன்னதில்லை. லிஃப்ட் விழாது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். ஆனாலும் அந்த இருட்டில் கை நடுங்கியது. ஸ்பானர் கீழே விழுந்தது. "ஆண்டவரே, கூட இருங்க" என்றேன், அவ்வளவுதான். கதவு திறக்கவில்லை. விளக்கு வரவில்லை. இன்னும் அரை மணி நேரம் அப்படியேதான் நின்றது. வெளியே வந்தபோது, எல்லார் முன்னாலும் சொல்ல அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது, வெட்கமாக இருந்தது. அதனால்தான் மேலே மாடி கட்டினேன்.

ஆனால் கை நடுக்கம் நின்றது. அது மட்டும் உண்மை.