ஜெனிற்றாவின் நான்கு கதிரைகள்

வங்காலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? இங்கே கருவாட்டு வியாபாரம் பிழையில்லை.

கணவனை இழந்த பெண்களுக்கு உதவும் சங்கத்தார் போன கிழமை வீடு பார்க்க வந்தார்கள். ஓர் அறை கட்டத் தந்தால், பிள்ளை தனுசியாவை உங்களிடமிருந்து கூட்டிவந்து என்னோடு வைத்துப் படிப்பிக்கலாம் என்றுதான் விண்ணப்பித்திருந்தேன். ஆனால் வியாபாரப் புத்தி விடவில்லை. வாடிக்கையாளர் வருவதுபோல வீட்டை எடுப்பாக்கி, பக்கத்து வீட்டு ஜெனிற்றாவிடம் நான்கு கதிரைகள் இரவல் வாங்கிப் போட்டு, சோடாவும் கொடுத்தேன்.

"வசதியாத்தானே இருக்கிறியள்" என்று எழுதிக்கொண்டு எழும்பினார்கள்.

ஜெனிற்றாவும் விண்ணப்பித்திருந்தாள். கதிரையில்லாத அவள் வீட்டில் சங்கத்தார் பாயில்தான் இருந்தார்களாம். உதவி அவளுக்குக் கிடைத்தது.

கதிரைகளைத் திருப்பிக் கொடுத்தபோது, "அடுத்தமுறை உங்கட அலுமாரியையும் என்னட்டத் தள்ளிவிடுங்கோ அக்கா" என்றாள். நானும் சிரித்தேன். கோபம்கூட வரவில்லை.

தை மாதம் கூப்பிடுவேன் என்று பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். இன்னும் ஒரு வருடம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

கண்டி பஸ் புறப்படப் போகிறது; கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். செருப்பு வாங்க அவள் பாதத்தைக் கடதாசியில் வரைந்து அனுப்புங்கள். ஒரு கால் போதும்தான். இரண்டையும் வரையுங்கள்.

மகள்,
விஜயகௌரி