சினிவாவின் மூக்கும் டேரன் கேட்ட கடிதமும்

மே 11, சனி

இன்றும் மூக்கில் ரத்தம். இந்த மாதத்தில் நான்காவது தடவை. யாரும் இடிக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள் இடுப்புப் பட்டையைப் பிடுங்கி விளையாடும் ரக்பியில் இடி ஏது? என் மகள் சினிவா பந்தோடு ஓடினாள். திரும்பியபோது உதட்டுக்கு மேல் சிவப்பு.

ரத்தம் வந்தால் வெளியே வரவேண்டும், அது விதி. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அணி மேலாளர் டேரன் பிறகு சொன்னதுதான் குத்துகிறது: "இங்க பாரும்மா, டாக்டர் லெட்டர் இல்லாம இனி இவள எறக்க மாட்டேன். உங்க வீட்லதான் என்ன நடக்குது?"

வீட்டில் என்ன நடக்கிறதாம்! இந்த ஊருக்கு ஆட்டுக்கறி வெட்டித் தர டோங்காத் தீவிலிருந்து நாங்கள் வேண்டும். எங்கள் பிள்ளை விளையாட மட்டும் கடிதம் வேண்டும்.

சினிவா காரில் அழவில்லை. "நான் தப்பு பண்ணேனா?" என்று கேட்டாள்.

மே 13, திங்கள்

டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டுமாம். மூன்று வாரம்!

மே 14, செவ்வாய்

காலையில் மறுபடியும். ஃபெலேட்டி அவளை மல்லாக்கப் படுக்கவைத்தான். நாள் முழுக்க இறைச்சிக்கூடத்தில் ரத்தத்துக்குள் நிற்கிற மனுஷன், மகள் மூக்கில் நாலு சொட்டுக்குப் பதறுகிறான். விழுங்கிய ரத்தத்தை அவள் வாந்தியெடுத்தாள். புருஷனிடம் கத்தினேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

மே 16, வியாழன்

மதிய இடைவேளையில், நானும் வேலை செய்யும் அந்த இறைச்சிக்கூடத்து நர்ஸ் டெஸ்ஸிடம் கேட்டேன். என் மூக்கையே பிடித்துக் காட்டினாள்.

"எலும்புல இல்ல. கீழ மெத்துனு இருக்குல்ல, அங்க புடி. உக்காந்து முன்னால குனியணும், வாயால மூச்சு விடணும். பத்து நிமிஷம். நின்னுடுச்சான்னு நடுவுல எடுத்துப் பாக்காத."

"நான் நிமிஷத்துக்கு ஒரு தடவ பாப்பேன்."

"அதான் நிக்கல."

அரைமணி கடந்தும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்கு ஓடச் சொன்னாள். பிறகு கேட்டாள்: "ராத்திரி ஹீட்டர் எவ்ளோ வெக்கிறீங்க?"

"முழுசா. ஜன்னல் இடுக்குலகூட துணி அடைச்சு."

தலையில் அடித்துக்கொண்டாள். தீவுக்காரர்கள் நாங்கள். மே மாதமே குளிர்காலம் தொடங்கிவிடும் இந்தத் தென்கோடி உறைபனிக்குப் பயந்து ஆறு பேர் சேர்ந்து வீட்டை அடுப்பாக்கி வைத்திருக்கிறோம். காற்று காய்ந்து மூக்கின் உள்தோல் வெடிக்கிறது, அவள் நோண்டுகிறாள். ஆக, வீட்டில் நடப்பது இதுதான். டேரனிடம் சொல்ல மாட்டேன்.

மே 19, ஞாயிறு

ஹீட்டர் பாதி. நகம் வெட்டியாயிற்று. படுக்கும் முன் மூக்கின் உள்விளிம்பில் வாசலின். "குளிர்ல செத்துருவேன் மெலே," என்கிறான் ஃபெலேட்டி. இன்னொரு போர்வையை எறிந்தேன்.

மே 23, வியாழன்

ரத்தம். கை பரபரத்தது, எடுத்துப் பார்க்கவில்லை. எங்கள் சர்ச்சில் பாடும் சபைப் பாட்டு ஒன்று, ஆறு சரணம். இரண்டு தடவை பாடினால் பத்து நிமிடம். ஃபெலேட்டி அடிக்குரல், நான் மேல்குரல். சினிவா தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு கண்ணால் சிரித்தாள்.

நின்றது. நின்றேவிட்டது!

ஜூன் 3, திங்கள்

டாக்டர் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை. கடிதம் இரண்டே வரி: தாராளமாக விளையாடலாம்.

ஜூன் 8, சனி

டேரன் கடிதத்தைப் படித்துப் பையில் போட்டுக்கொண்டான். கடைசி ஐந்து நிமிடம் மட்டும் இறக்கினான். அப்புறம் எதுக்குடா லெட்டர் கேட்ட?

ஜூன் 29, சனி

டேரனின் மகன் கூப்பர் இன்னொரு பையனின் தோளில் மோதிக்கொண்டான். மூக்கிலிருந்து கொட்டியது. டேரன் அவனைப் புல்லில் மல்லாத்தினான். பையனுக்குப் புரையேறியது.

சினிவா ஓடினாள். "ஐயோ, படுக்காத! உக்காரு, குனி!" அவன் கையை எடுத்து அவன் மூக்கிலேயே வைத்தாள். டேரன் விரலை விலக்கப் போனான். "அங்கிள், எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது!"

எல்லைக்கோட்டில் எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். ஃபெலேட்டி பாட்டை எடுத்தான், எல்லோரும் சேர்ந்தார்கள். ஆறு சரணம், இரண்டு தடவை, மைதானமே நின்று கேட்டது. முடிந்தபோது ரத்தம் நின்றிருந்தது.

நான் டேரனிடம் போனேன். "கூப்பருக்கு லெட்டர் எப்ப தருவீங்க?"

"அவன் மோதிக்கிட்டாம்மா, அது வேற."

"ரத்தம் ரத்தந்தான். லெட்டர் கேட்டா ரெண்டு பேருக்கும் கேளுங்க. இல்லன்னா யாருக்கும் கேக்காதீங்க."

மற்ற அம்மாக்கள் அவனையே பார்த்தார்கள். காது வரை சிவந்தான். "சரி. யாருக்கும் வேணாம். அடுத்த வாரம் அவ மொதல்லேர்ந்து ஆடட்டும்."

ஜூலை 6, சனி

முழு ஆட்டம். கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து இரண்டு ட்ரை போட்டாள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போயிற்று.

ஆகஸ்ட் 14, புதன்

இடைவேளையில் பார்த்தால் பள்ளியிலிருந்து மூன்று அழைப்புகள். உடனே திரும்ப அழைத்தேன்.

"ரத்தமா டீச்சர்? முன்னால குனிய வைங்க—"

"ரத்தமெல்லாம் இல்லம்மா. உங்க பொண்ணு பந்தை யாருக்குமே குடுக்க மாட்டேங்குறா. கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

கண்டிக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். கண்டிக்கவில்லை.